தொண்ணூற்றாறு குன்றிமணி

முத்துக்குளிப்பு முடிந்த வாரம், கீழக்கரை.
குசராத்துக் கப்பல்காரன்
அசனா லெப்பையின் தராசில்
வெள்ளிக்காசு மூன்றை வீசினான்.

"வடக்கே இதற்கு ரூபாய் என்று பேர்.
வழியெல்லாம் நிழல்மரம்,
இரண்டு கோசுக்கொரு சத்திரம்,
வயல் அளக்க ஒரே கயிறு,
சூர் ராஜா போட்ட சட்டம்."

லெப்பை பேசவில்லை.
முத்து நிறுக்கும் குன்றிமணியை
எண்ணி எண்ணிப் போட்டார்.
தொண்ணூற்றாறில் முள் நின்றது.
அடுத்ததும் தொண்ணூற்றாறு.
மூன்றாவதைக் கடித்தும் பார்த்தார்.

"ராஜா சுகமா?"

"வெடிமருந்தில் கருகிப்போனார்.
பேரப்பிள்ளையைத் தாய்மாமனே வெட்டினான்.
பதினைந்து வருசம், அவ்வளவுதான் வம்சம்."

கச்சான் காற்றில் தட்டு ஆடியது.
உள்ளங்கையால் மறைத்து
மறுபடி நிறுத்தார்.

செத்த ராஜாவின் காசுக்கு
வட்டம் பிடிக்காமல்
முழுவிலை எண்ணி வைத்தார்.