தள்ளு

பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு
பிரிட்ஜ் பெட்டி மட்டையில் மல்லாந்து
காருக்கடியில் போனேன்.
வெள்ளவத்தை உப்புக்காற்று
கீழ் போல்ட்டைக் கடித்து வைத்திருந்தது.
மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது.
விரல்தான் பார்க்கவேண்டும்.

மூன்று மாதமாய்த் திறப்பைத் திருப்பினால்
'டக்', அவ்வளவுதான்.
பிறகு ஒழுங்கையே திரண்டு தள்ளும்:
மேல்மாடி ஃபஸ்மினா பள்ளிச் சப்பாத்தோடு,
மீன்காரர் பியதாச தராசை மதிலில் வைத்துவிட்டு.
நன்றிக்கு வாங்கிய சாளை
பிரீசர் நிறையக் கிடக்கிறது.

பஞ்சிகாவத்தையில் பேரம்பேசி வாங்கிய ஸ்டார்ட்டர் இது.
எந்தக் காரிலிருந்து கழற்றியதென்று கேட்டேன்;
கடைக்காரர் விலையில் ஐந்நூறு குறைத்தார்.

ஏந்திப் பிடித்த கை நடுங்க,
முகத்தில் துரு கொட்ட,
பல்லைக் கடித்து முடுக்கினேன்.
"இப்ப அடியுங்கோ, கிருபை!"

முதல் திருப்பிலேயே பிடித்தது.
மட்டையில் ஒரு வாஷர் மிச்சம்.
அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஒழுங்கை முனையில் பியதாச
தள்ளவென்று கையைச் சாரத்தில் துடைத்தபடி
பாதி வழியில் நின்றுவிட்டார்.
"ஹரித, மிஸ்?"
"ஹரி," என்றேன்.
இருவருக்கும் அடுத்த வார்த்தை வரவில்லை.

அரைக் கிலோ சாளை வாங்கினேன்.