மெய்யான மொழிபெயர்ப்பு என்று சான்றளிக்கிறேன்

மிஷன் வீதியில், மாடியில், என் மேசை.
பிறப்புச் சான்று, திருமணச் சான்று,
இறந்துபோன சொல்தாவின் ஓய்வூதியத் தாள்.
பக்கத்துக்கு நானூறு ரூபாய், முத்திரை தனி.
கெட்ட வார்த்தைக்கு விலை சொன்னதில்லை
அந்தப் புதன்கிழமை வரை.

வீராம்பட்டினத்துச் செங்கேணிக்கு வயசு பதினேழு.
லாஸ்பேட்டை சிமென்ட் தரையில்
காலில் சக்கரம் கட்டிப் பழகியவன்.
பனித்தரையை அவன் கண்ணால் பார்த்ததே
நாட்டின் பெயர் போட்ட சட்டை மாட்டிய பிறகுதான்.
அங்கே, ஒரு குளிர்ந்த ஊரில்,
பதினாறுக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்து வரிசையாய்க் கைகுலுக்கும் நேரம்.
இருபது கைகளையும் தொடாமல் தாண்டி
கடைசியில் நின்ற கோல்கீப்பரிடம்
ஒரு சொல் சொன்னான்.
பிறகு மட்டையைக் கண்ணாடித் தடுப்பில் ஓங்கி உடைத்தான்.

மட்டைக்கு வீடியோ சாட்சி.
சொல்லுக்கு நான்.

மாலை ஐந்தரைக்கு ஒழுங்கு விசாரணை.
திரையில் மூன்று ஜன்னல், மூன்று முகம்.
ஒருவர் முதுகுக்குப் பின்னால் பனி பெய்துகொண்டிருக்கிறது.
எங்கள் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது;
சத்தம் கேட்கிறதென்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
சங்கச் செயலாளர் கேமரா இல்லாத பக்கம் பார்த்தும்
ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

கோல்கீப்பர் தன் காதில் விழுந்ததை
தன் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்,
ஓர் எழுத்துப் பிசகி.
அந்தப் பிசகோடு வாசித்தால்
அது ஒரு மீனின் பெயர்.

'மீன்னே சொல்லிடுங்க மேடம்' என்றார் செயலாளர்,
உதடு அசையாமல்.
'மீன்காரப் பையன்தானே, பொருந்தும்.'

வலது கை உயர்த்திச் சத்தியம் செய்தவள் நான்.
இருந்தாலும் ஒரு நொடி
வலையில் அது துள்ளுவதைப் பார்த்தேன்.
வெள்ளியாய், கையளவு, யாருக்கும் கெடுதல் இல்லாமல்.

நான் வாய் திறப்பதற்குள்
செங்கேணி மைக் பக்கம் குனிந்தான்.
அந்தச் சொல்லைச் சொன்னான்,
வல்லினம் வல்லினமாக.
'அதாங்க சொன்னேன். அவரு தப்பா எழுதிட்டாரு.'

பனிக்காரர் கேட்டார்:
உங்கள் மொழியில் அது எவ்வளவு கனம்?

டீக்கடையில் கூட்டாளியைக் கூப்பிட
அதைத்தான் சொல்கிறார்கள் என்றேன்.
அதே சொல்லுக்கு உப்பனாற்றங்கரையில்
மண்டை உடைந்த வழக்கையும் தட்டச்சு செய்திருக்கிறேன் என்றேன்.
இவன் சொன்னது எந்தக் கனத்தில்?
நான் அவனைப் பார்த்தேன்.
'ரெண்டாவது' என்றான்.

மூன்று ஆட்டம் தடை. கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் ஒன்று.
மூன்று சின்ன எண்தான்.
பணம் திரண்டு, விசா கிடைத்து
இந்த அணி வருஷத்துக்கு ஆடுவதே மூன்று.
அடுத்த வருஷம் அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிடும்,
ஜூனியர் இல்லை.
அதை அவர்கள் கேட்கவில்லை.
கேட்காததை மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடிதத்தோடு வந்தான்,
கோடு போட்ட தாள், நாலு வரி.
'கோபத்தில் நாக்கு சறுக்கிவிட்டது என்று
போட்டுக்கொள்ளலாமே' என்றேன். வழக்கமான வாசகம்தான்,
இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் கைவசம் இருக்கிறது.

யோசித்தான்.
'சறுக்கலையேக்கா.
மேட்ச் முழுக்க நாப்பது தடவ சறுக்கி விழுந்தேன்.
அத சொன்னப்பதான் நேரா நின்னேன்.'

அதையே எழுதச் சொன்னேன். எழுதினான்.
முத்திரை குத்தினேன், பணம் வாங்கவில்லை;
அல்லது பாதி வாங்கினேன், சரியாக நினைவில்லை.

வாசல்வரை போய்த் திரும்பினான்.
'அந்த கோல்கீப்பர் பேரு எப்படிச் சொல்லணும்?'

தாளில் பார்த்தேன்.
ஆறு மெய்யெழுத்து, நடுவில் ஓர் உயிர்கூட இல்லை.
இருபத்திரண்டு வருஷமாக மொழியில் சோறு தின்கிறேன்,
எனக்கும் வரவில்லை.
அவன் ஒருமுறை, நான் ஒருமுறை,
நாக்கைப் பல்லில் வைத்தும் எடுத்தும்.
கீழே பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்,
யாரை என்ன திட்டுகிறோமோ என்று.