நிமிடத்துக்கு எண்பது சொல்

நாகப்பட்டினம் ரயில் பட்டறைக்குப் பின்னால்
உப்புப் பூத்த பொட்டலில் கூட்டம்.
எனக்கு மட்டும் நாற்காலி.
சர்க்கார் நாற்காலி, ஸ்டேஷனிலிருந்து
கான்ஸ்டபிள் கலியன் தலையில் வந்தது.

பேசுகிறவன் பாய்லர் பிரிவு வேதமாணிக்கம்.
நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் பேசுவான்.
என் பென்சில் எண்பதில்தான் தேறியது.
மிச்சம் நாற்பதும் காற்றோடு
அக்கரைப்பேட்டைப் பக்கம் போய்விடும்.

ஆள்குறைப்பு: ஒரு கோடு.
அரைநாள் கூலி: கோடும் புள்ளியும்.
சங்கம் என்பது அடிக்கடி வந்ததால்
அதற்கு நானே ஒரு குறி வைத்துக்கொண்டேன்,
பார்க்க மண்புழு மாதிரி இருக்கும்.
கைதட்டலுக்கு அடைப்புக்குறி.
சிரிப்புக்கும் அதேதான்.
நீராவியில் வெந்து செத்த பையன் பேரைச் சொன்னதும்
எழுநூறு பேர் சும்மா நின்றார்களே,
அதற்கு எங்கள் பாடத்தில் குறி கிடையாது.

மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திக்
குனிந்து என்னைக் கேட்டான்:
"ஐயா, விட்டுப்போச்சா? மெதுவாச் சொல்லட்டுமா?
துரைக்குப் போறது, தப்பில்லாமப் போகட்டும்."
(சிரிப்பு) என்று எழுதினேன்.
அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:
திங்கட்கிழமை சங்கு ஊதினதும்
சுத்தியலைக்
கீழே
வையுங்கள்.
அன்றைக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வந்திருந்த வாரம் அது.
நூற்று நாற்பத்து நாலு என்று தமுக்கடித்தார்கள்.
திருச்சியிலிருந்து ஒரு வண்டி நிறைய ரிசர்வ் போலீஸ்;
வண்டியை ஓட்டி வந்தவனும்
சந்தா கட்டியவன்தான் என்று பேச்சு.
சங்கத்தைப் பதியலாம் என்று
சட்டம் முன்பே வந்திருந்தது. ஏழு கையெழுத்து போதும்.
ஏழு பேர் போட்டிருந்தார்கள், விலாசத்தோடு.
விடியுமுன் கதவு தட்ட
வேறு பட்டியல் தேவைப்படவில்லை.
இரண்டு பேர் மட்டும் வீட்டில் இல்லை.
திருமருகல் பக்கம் குறுவை நடவில் இருந்தார்கள்.
பட்டி சுற்றிய கால்களோடு
சேற்றில் இறங்கிப் பிடித்தோம்.
கையிலிருந்த நாற்றுமுடியை எங்கே வைப்பது என்று
ஒருவன் என்னைத்தான் கேட்டான்.

இன்ஸ்பெக்டர் மேசையில் நல்லபிரதி எடுத்தபோது
"வையுங்கள்" என்பது "எறியுங்கள்" ஆயிற்று.
இரண்டுக்கும் குறி வேறு. குழம்ப வழியே இல்லை.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை.
"சரியாப் பாருமையா" என்றார், அவ்வளவுதான்.
நான் சரியாகப் பார்த்தேன்.

தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீல் கேட்டார்:
"இந்தப் புழு என்ன?"
"சங்கம்."
"இது?"
"எறியுங்கள்."
கூண்டிலிருந்து வேதமாணிக்கம் கத்தவில்லை.
"நான் மெதுவாத்தானேய்யா சொன்னேன்" என்றான்,
என்னவோ தவறு தன் பக்கம் என்பது போல.

ஒரு வருஷம் கடுங்காவல்.

பட்டறையைப் பெயர்த்துப் பொன்மலைக்குக் கொண்டு போனார்கள்.
நான் அடுத்த பரீட்சையில் நூற்றிருபதில் தேறினேன்,
சம்பளத்தில் ஏழு ரூபாய் ஏறியது.
இப்போது எனக்காக
யாரும் மெதுவாகப் பேச வேண்டியதில்லை.