ஒரு கட்டு ஒன்றரை ஈரோ

ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும் என்று
ஏணியருகே பலகையில் எழுதியாயிற்று.
மஞ்சள் பேருந்தில் நான்,
சட்டையில் நேற்றைய தாளிப்பு மணம்,
பையில் சீஃப் எஞ்சினியர் தந்த சீட்டு:
இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை.
அடியில் மூன்று கோடு இழுத்துக் கறிவேப்பிலை.
மொரீஷியஸ் தாண்டியதிலிருந்தே
சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற மனுஷன்.

சேன் போலில் மணல் கறுப்பு.
அடுப்புக்கரி கொட்டிய மாதிரி ஒரு கரை.
குளிக்காதே என்று சுறா படம் போட்ட பலகை,
பக்கத்தில் கடலைப் பார்த்து
வரிசையாகப் பழைய பீரங்கிகள்.
ஒன்றின் முதுகில் ஒரு பையன் சமோசா தின்கிறான்.
இன்னொன்றின் வாயில் யாரோ செருகிய ஜூஸ் டப்பா.
சண்டை வந்தால்
முதலில் டப்பாதான் பறக்கும்.

பீரங்கிக்கும் சாலைக்கும் நடுவில்
வெள்ளிக்கிழமைச் சந்தை.
தாழை ஓலைப் பைகள், வனிலாக் கட்டுகள்,
உள்ளங்கையில் அடங்கும் அன்னாசி,
தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தம்பதி
ஒரு பாகற்காயை மோந்து பார்த்து
மெதுவாகத் திரும்ப வைக்கிறார்கள்.
மிளகாய் மிட்டாய் என்றொன்று விற்கிறார்கள்,
கடித்தால் வடை.
நாலு வாங்கி நடந்துகொண்டே தின்றேன்.
சௌசௌ இங்கே சூசூ.
பீர்க்கங்காயைக் காட்டிக் கேட்டால்
பிப்பங்காய் என்கிறான் சீனாக்காரக் கடைக்காரன்,
என் சிரிப்பு எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

கறிவேப்பிலை மட்டும் எங்குமில்லை.
சொல்லிப் பார்த்தேன், இலை வரைந்து காட்டினேன்,
மூக்கைத் தொட்டு, எண்ணெய் வெடிக்கும் ஓசை எழுப்பினேன்.
கடைசி வரிசையில் ஒருத்தி
வாய்விட்டுச் சிரித்தாள்.
"களுப்பிலே!"
ஈரச் சாக்கை விலக்கினாள்.
அதேதான். அதே கரும்பச்சை.

கடையின் துணியில் மிரேய் சிதம்பரோம்
என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.
ஒரு கட்டு ஒன்றரை ஈரோ. பத்துக் கட்டு.
பேரம் பேசினேன். கடலைப் பார்த்தாள்.
மறுபடி பேசினேன். பீரங்கியைப் பார்த்தாள்.
பதினைந்து ஈரோவை எண்ணி வைத்தேன்.

வாங்கிய கையின் உள்பக்கம்
நீல மையில் பச்சை குத்தியிருந்தது, தமிழ்.
படி என்று கையை நீட்டினாள்.
இருந்ததை இருந்தபடி படித்தேன்:
சிதமபரம.

முகம் மாறியது.
"நோ. சிதம்பரோம்" என்றாள்.
இம்மில் உதடு மூடி, அதிர்ந்து, திறந்தது.
கடையிலும் ஒரு ம், மூக்கோடு முடிந்தது.
எந்தக் கம்ப்யூட்டர் தின்றதோ,
கை தொலைத்த புள்ளி இரண்டும்
வாயில் பத்திரமாக இருந்தன.

எப்படிச் சொல்வது?
விரலால் காற்றில் இரண்டு குத்து.
விலை எழுதும் பேனாவைத் தந்தாள்.
ஐம்பது வயது அடுப்புத் தழும்பு விரல்
கொஞ்சம் நடுங்கியது, வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முதல் ம மேல் ஒன்று. கடைசி ம மேல் ஒன்று.
பக்கத்துக் கடை எலுமிச்சைக்காரி எட்டிப் பார்த்து
இவ்வளவுதானா என்பதுபோல் போனாள்.

ஈரச் சாக்கில் கைபட்டதும்
ஒரு புள்ளி அழிந்தது.
மிரேய் பார்க்கவில்லை.
அடுத்த ஆளுக்கு முருங்கைக்கீரை நிறுத்துக்கொண்டிருந்தாள்,
அதற்கும் ஏதோ பேர் சொன்னாள்,
மணி நாலரை, நான் ஓடினேன்.

இரவு ரசம்.
சீஃப் இரண்டு முறை வாங்கிக் குடித்தார், பேசவில்லை.
மணிலாக்காரன் ரோமெல் கரண்டியில் ஓர் இலையைத் தூக்கி
இது என்ன என்றான்.
களுப்பிலே என்றேன்.
வேறு சொல் வாயில் வரவில்லை.

தலையாட்டினான்.
ஊரில் எல்லோரும் செய்வதுபோலவே
தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச்
சாப்பிட்டான்.