நான்கு மணிக்கு வரவும்

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
எழுத உட்கார்ந்தபோது இரவு பதினொன்று.
மருந்துக்கடையிலிருந்து வந்து
காலணியைக்கூடக் கழற்றவில்லை.
'கேக்' என்று எழுதினேன்.
அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

போன வருஷம் எல்லாம் வந்தது.
அக்கா நிடியா சொன்னாளென்று
பைசாந்துவிலேயே பெரிய கூடத்தை
வாடகைக்கு எடுத்தோம்.
காற்றடைத்த கோட்டை, ஒரு கோமாளி,
நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
அதில் முப்பது பேர் யாரென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கடனை டிசம்பர் வரை அடைத்தேன்.
ஃபௌஸ்டோ
பரிசுகள் குவிந்த மேசைக்கு அடியில்
யாருடைய செருப்பையோ கட்டிக்கொண்டு
தூங்கிப்போயிருந்தான்.
அவனில்லாமலே வாழ்த்துப் பாடினார்கள்.
மெழுகுவத்தியை யாரோ ஊதினார்கள்.
படங்களில் கேக் இருக்கிறது.

இந்த வருஷம்
நாலு வயசுக்கு நாலே விருந்தாளி.
யாரெல்லாம் வேணும், கேட்டேன்,
பல் துலக்கும்போது.
நுரையோடு யோசித்தான்.

மில்கா.
மழலைப் பள்ளியில் பக்கத்து நாற்காலி.
எல்லாரையும் கடிப்பாள், இவனைத் தவிர.

எல்பியோ.
கீழ்வீட்டுக்காரர், குப்பை லாரி ஓட்டுகிறவர்.
கன்னத்தைக் கிள்ளாத ஒரே பெரிய மனிதர்.

மேல்மாடி நாய்.

"நாலாவது?"
"ஃபௌஸ்டோ."
"பள்ளியில் இன்னொரு ஃபௌஸ்டோ இருக்கானா?"
"நான்தான்மா. போன தடவை
என்னைக் கூப்பிடவே இல்லையே."

திறந்திருந்த குழாயை மூடினேன்.

அப்புறம் பட்டியல் தானாக நடந்தது.
பலூன், அடித்துவிட்டேன்.
கோமாளி, எழுதவே இல்லை.
வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலம்,
ஆளுக்கொரு மாண்டரின் ஆரஞ்சு போதும்.
விளையாட்டு, அவர்களுக்கே தெரியும்.
ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு போர்வை விரித்து
நாலிலிருந்து ஆறு.
அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்
என்பதையும் எழுதி, அடிக்கோடிட்டேன்.

நாலு அட்டை வெட்டினேன்.
நாலாவதை அவன் தலையணைமேல் வைத்தேன்:
'சனிக்கிழமை நான்கு மணிக்கு வரவும்.
பரிசு வேண்டாம்.'
அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.
மூன்று நாள்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

சனிக்கிழமை மதியமே மழை பிடித்துக்கொண்டது.
மழையென்றால் இந்த ஊரில்
அடுப்பில் கொழுப்பு காயவேண்டும்,
நடுவில் ஓட்டையிட்ட மாவுத்தட்டு
அதில் பொரியவேண்டும்.
பூங்காவைப் பட்டியலிலிருந்து அடித்தேன்,
கை நிறைய மாவோடு.
கேக்கின் நடுவயிறு குழிந்துவிட்டது.
காய்ச்சிய பாலின் பழுப்புக்கூழை ஊற்றி நிரப்பினேன்.
குழி விழுந்ததே நல்லதாயிற்று.

மூன்று ஐம்பதுக்கு
பிள்ளையைக் காணோம்.

முதலில் மேசைக்கு அடியில் பார்த்தேன்.
பிறகு அலமாரி, குளியலறைத் திரை,
பிறகு மறுபடியும் மேசைக்கு அடியில்.
எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.
குரல் எழும்பாமல் அவன் பெயரைச் சொன்னேன்.

அழைப்புமணி அடித்தது.

மழைக்கோட்டு, கையில் நனைந்த அட்டை.
பின்னால் எல்பியோ,
அவர் கையில் நாயின் கயிறு.
"கீழே படியில் உட்கார்ந்திருந்தார்.
மணி நாலாகட்டும் என்றார்."

அழலாம் போலவும் ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.
"வாங்க வாங்க," என்றேன்,
"மழையில் சிரமப்பட்டு வந்திருக்கீங்க."

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து
தான் பிறந்ததிலிருந்து வாழும் அறையை
ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
"வீடு நல்லா இருக்கு" என்றான்.

மில்கா அரைமணி தாமதமாக வந்து
நாயைக் கடித்தாள். நாய் பொறுத்துக்கொண்டது.
எல்பியோ ஏழு மாவுத்தட்டு தின்றார்.
மெழுகுவத்தியை ஐந்து தடவை ஏற்றினோம்,
நாய்க்கும் ஒரு முறை வேண்டுமென்றதால்.
படமெடுக்க மறந்துபோனேன்.

ஆறு மணிக்கு மூன்று பேர்
ஆரஞ்சோடு கிளம்பினார்கள்.
நாலாமவரிடமும் ஓர் ஆரஞ்சு நீட்டினேன்.
யோசித்தார்.
இன்றைக்கு இங்கேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

பாத்திரம் கழுவியபின்
ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.
கட்டக் கடைசித் தேதி, நேற்று.