தொடர்பு எல்லைக்கு வெளியே

பதினாறாம் நாள் விடியலில்
குழித்துறையில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து
குளச்சலில் கால் வைத்தபோது
முதலில் எதிர்ப்பட்டது நான்தான்.
ஆறுக்கு நாலு பிளக்ஸ்.
மீன் சந்தை வளைவில்
மின்கம்பத்துக்கும் பூவரசுக்கும் நடுவே
காற்றுக்கு வயிறு உப்பிக்கொண்டு நின்றேன்.
முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்தது
மச்சான் விர்ஜிலின் கைவேலை.
அவிழ்க்க ஏணி கிடைக்கவில்லை என்று
பெல்சி போனில் சொல்லியிருந்தாள்.

கண்ணீர் அஞ்சலி. கிளீட்டஸ், வயது 38.
எனக்கு நாற்பத்தொன்று.
ரேஷன் கார்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில்
ஒரு காது கரைந்துவிட்டது.
தலைக்கு மேல் இரண்டு வெள்ளைப் புறாக்கள்.
எங்கள் கரையில் யார் புறா வளர்த்தார்கள்?
மூலையில் அச்சகத்தின் நம்பர்
என் பெயரைவிடத் தெளிவாக.

டீக்கடையில் பழம்பொரி மடித்துத் தந்த தாளிலும்
நான் இருந்தேன்.
'கிளாட்டஸ் உட்பட ஏழு மீனவர் மாயம்.'
போனது ஐந்து பேர்.
எண்ணெய் ஊறிய இடத்தில்
பின்பக்கத்து நகைக்கடை விளம்பரம்
எங்கள் ஊர்ப் பெயரின் ஊடே தெரிந்தது.

மலையாளச் சானல்
மூன்றாம் நாளே எங்களைக் கொல்லத்தில் கரையேற்றியதாம்.
அரை நாள் ஊரே சிரித்திருக்கிறது.
தமிழ்ச் சானலில் ஒன்பது பேர், பிறகு ஆறு.
மீன்வளத் துறைச் சுவரில்
வரிசை எண் 23: தகவல் இல்லை.
வானொலி காற்றின் வேகத்தைச் சொல்லிவிட்டு
பாட்டுக்குப் போய்விட்டது.
மாதா கோயில் மைக் தினமும் ஆறு மணிக்கு
என்னை உயிருள்ளவனாக வைத்துச் செபித்து
பத்தாம் நாள் வேறு செபத்துக்கு மாறியது.

வாட்ஸாப்பில் என் குரல் என்று ஒரு குரல்.
'நான் கிளீட்டஸ் பேசுறேன், தண்ணி தீந்து போச்சு மக்கா...'
கேட்டு அழுதவர்களில் என் அண்ணனும் உண்டு.
அந்நேரம் நான் லட்சத்தீவுக்கு மேற்கே
தார்ப்பாய்ச் சுருக்கத்தில் தேங்கிய மழையை
நக்கிக்கொண்டிருந்தேன்.
தண்ணீரைப் பற்றி மட்டும்
அந்தப் பொய்யன் எப்படிச் சரியாகச் சொன்னான்?

பெல்சி எதையும் நம்பவில்லை.
அந்தியில் என் நம்பருக்குப் போட்டு
அந்தப் பெண் சொல்வதைக் கேட்பாளாம்.
'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.'
வெளியே என்றால் எங்கேயோ இருக்கிறான்.
உபயோகத்தில் இல்லை என்று சொன்னால்தான் பயம்.
அது சொல்லிவிடக் கூடாதென்று
மீன் விற்ற காசில்
செத்தவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்திருக்கிறாள்.
கடைக்காரப் பையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

மங்களூர் ஆஸ்பத்திரியில் மூன்று பேரை விட்டுவிட்டு
நான் மட்டும் முன்னால் வந்திருக்கிறேன்.
நால்வர் என்று கப்பல்காரன் எழுதித் தந்தது
கரைக்கு வருவதற்குள் ஐவராகிவிட்டது.
நேற்று மாலையிலிருந்து எல்லாச் சானலிலும்
ஐவரும் பத்திரம்.

எங்கள் வயர்லெஸ் பெட்டி
கடைசி இரண்டு நாள் இரைச்சல் மட்டுமே சொன்னது.
அதைக் காதில் வைத்தபடிதான் ஸ்டான்சிலாஸ் கிடந்தான்.
'ஆளு பேசுது, கேளு ஓய்' என்றான்.
கேட்டேன். இரைச்சல்தான்.
பேசுது என்றேன்.
காலையில் அவன் கையிலிருந்து பெட்டியை
விரல் விரலாக எடுத்தேன்.

பெல்சியிடம்கூடச் சொல்லவில்லை.
போனில் சொல்கிற சேதியா அது.

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு
மணல் சந்தில் நடக்கிறேன்.
எந்த வரியில் தொடங்குவது?
தலைப்பு முதலிலா, விவரம் முதலிலா?
வழியில் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்,
ஒருத்தி குலவையிட்டாள்.

ரெஜினாள் வீட்டு ஜன்னலில் டிவி ஓடுகிறது.
அடுப்பில் ஏதோ தாளிக்கும் வாசனை.
கதவில் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து
எனக்குப் பின்னால் பார்த்தாள்.
சந்தின் முனை வரைக்கும் பார்த்தாள்.

பிறகு ரிமோட்டைத் தேடி எடுத்து
சத்தத்தைக் குறைத்தாள்.