ஏழு வருடத்துக் காகிதம்

ஜூன் கடைசி வெள்ளி.
மோர்வென்னா சாவியைத் தந்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.
எஃகு அலமாரியின் கீழ்த்தட்டில்
ஏழு வருடம் முடிந்தவர்கள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பெயர் பார்க்கலாம். தேதி பார்க்கலாம்.
அதற்கு மேல் ஒரு வரியும் ஆகாது.
பதினோரு வருடமாக என் உத்தியோகம் இதுதான்:
பார்த்தும் படிக்காமல் இருப்பது.
கண் சொன்னபடி கேட்காது.
பிஸ்கட் சுற்றி வந்த தாளைக்கூட
நீவி நீவிப் படிக்கிற கண் இது.

பர்னி சின்ன ஊர்.
துறைமுகத்தில் மரச்சீவல் ஒரு குன்றாகக் கிடக்கும்,
காற்றடித்தால் ஊரெல்லாம் அறுத்த மர வாசனை.
இங்கே யாருடைய கார் எங்கே நிற்கிறதென்று
நாய்களுக்கும் தெரியும்.
அதனால்தான் எங்களுக்கு இரண்டு கதவு.
நுழைய ஒன்று,
போக ஒன்று, ரொட்டிக்கடைச் சந்து வழியாக.
கதவடியில் ஒரு சின்னப் பெட்டி
நாள் முழுக்க மழைபோல இரையும்.
உள்ளே யார் அழுதாலும்
வெளியே மழைதான்.

சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில்
எதிரே வருகிறவர் முதலில் தலையசைத்தால்
நானும் அசைப்பேன்.
இல்லையென்றால்
கையிலிருக்கும் தக்காளிதான்
எனக்குத் தெரிந்த ஒரே முகம்.

போனில் ஒரு கணவர்:
"என் மனைவி அங்கே வருகிறாளா?"
"வருகிறார் என்றோ வரவில்லை என்றோ
நான் சொல்வதற்கில்லை."
"அப்படியென்றால் வருகிறாள்."
"அப்படியும் நான் சொல்லவில்லை."
ஒரு கெட்ட வார்த்தை. டொக்.
ஒப்புக்கொள்கிறேன்,
அன்று எனக்குக் கொஞ்சம் குஷியாக இருந்தது.

ஆனால் அந்த அம்மாள்.

அவர் மகனை மீன்பிடிப் படகுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அவன் படகு ஏறியதே இல்லை.
சிவப்புக் கோட்டில் வந்தார் என்று எழுதுகிறேன்.
கோட்டு வேறு நிறம்.
அவன் இறந்து எத்தனை நாள் என்பதையும்
இங்கே சொல்லப் போவதில்லை.
நான் மாற்றாமல் விட்டது அவர் கேட்டதை மட்டும்.

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா?
கெட்டதாக இருந்தாலும் பரவாயில்லை."

செத்தவனுக்கும் அதே பூட்டு.
அதை நான் சொல்லியிருக்க வேண்டும்,
சொல்வதற்கென்று ஒரு வாக்கியம்கூட இருக்கிறது,
மேஜை இழுப்பறையில், தட்டச்சு செய்து.
நான் கெட்டிலைப் போட்டேன்.

மோர்வென்னா அவரை உள்ளே அழைத்துக்கொண்டாள்.
பெட்டி இரைந்தது.
நாற்பது நிமிடம்.
அடுத்தவரைக் கூப்பிட்டு
வியாழனுக்கு மாற்றினேன்.

அவர் சந்துக் கதவைப் பார்த்தார், வேண்டாமென்றார்.
முன்வாசல் வழியாகவே போனார்,
முகம் துடைக்காமல்,
ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று.
கேட்டது கிடைத்ததா?
மோர்வென்னா சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
தேநீரில் ஆடை படிந்திருந்தது.
கோப்பையைக் கழுவி வைத்தேன்.

அவன் கோப்பு இன்றைய கட்டில் இருக்கிறதா
என்று தோன்றுகிறதல்லவா உங்களுக்கு?
தோன்றட்டும்.

இயந்திரம் சூடாகிவிட்டது. பத்து நிமிடம் ஆறவிட வேண்டும்.
கிழிபடும் காகிதம் சத்தம் போடுகிறது,
எழுதியபோது போடாத சத்தம்.
நான்கு மூட்டை. ஐந்தாவது பாதி.

கார்த் இந்த ஊர் ஆலையில் காகிதம் செய்தவர்,
மூடும்வரை.
"நான் இருபது வருடம் செய்ததை
நீ ஒரு மதியத்தில் நறுக்கிவிடுகிறாய்"
என்பார் இரவுச் சாப்பாட்டில், வருடா வருடம்,
அதே சிரிப்பு.
வேறெதுவும் கேட்க மாட்டார்.
இந்த வீட்டில் நான் பிழைத்திருப்பது அதனால்தான்.

கோட்டைக் கழற்றும்போது பார்த்தேன்,
கையின் மடிப்பில் ஒரு துண்டு,
அரிசியை விடக் கொஞ்சம் பெரிது.
மூன்று எழுத்து, நீல மை.

படித்துவிட்டேன்.

அடுப்பில் போட்டேன்.
"என்ன அது?" என்றார் கார்த்.
"வெள்ளிக்கிழமை" என்றேன்.